கத்தாமல் பேச ஒரு வண்டி

மின்சார வண்டி வந்துவிட்டதே, இனி உங்கள் தொழிலுக்கு என்ன வேலை என்று என்னிடம் கேட்காத ஆள் கோரிப்பாளையத்தில் பாக்கி இல்லை. டீக்கடையில் கேட்கிறார்கள், தர்கா வாசலில் கேட்கிறார்கள், பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரும் கேட்டார். வாய்க்குள் பஞ்சை அடைத்துவிட்டுக் கேட்டால் நான் என்னத்தைச் சொல்வது? அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சத்தம் போய்விட்டால் வண்டி ஊமையாகிவிடாது. அதுவரை எஞ்சின் சத்தத்தில் அமுங்கிக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வரும். டயர் உரசுவது கேட்கும், காற்று கேட்கும், கதவுக்குள் ஒரு கம்பி ஆடினால் அதுவும் கேட்கும். எங்கள் கடைக்கு முன்பைவிட இப்போது வண்டிகள் கூடத்தான் வருகின்றன. நான்தான் போவதில்லை. தோள்பட்டை இனி தாங்காது என்று சொல்லிவிட்டது.

கார் அலங்காரத் தொழிலாளர்கள் சங்கத்தில் இந்த வருஷம் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "பாய், உங்க சர்வீசுல மறக்க முடியாத வண்டி எதுன்னு எழுதிக் குடுங்க" என்று கடைப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். ஏதாவது வெளிநாட்டு வண்டியைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அப்படி நாலைந்து வண்டி என் கையில் வந்து போனது உண்மைதான். ஆனால் மறக்க முடியாதது, உள்ளே ஏறினால் ஈரச்சாக்கு வாடையும் மல்லிகைப்பூ வாடையும் சேர்ந்து அடித்த ஒரு பழைய டீசல் வண்டி.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கார்க் கதவு என்பது உள்ளே வெற்றிடம் உள்ள ஒரு தகரப் பெட்டி. வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டினால் டங்கென்று அதிரும். ரோட்டுச் சத்தம் முழுக்க அந்தத் தகட்டில் ஏறித்தான் உள்ளே வரும். கைப்பிடிக் குழியில் ஒளிந்திருக்கும் திருகைக் கழற்றி, சுற்றிலும் உள்ள கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, உள்பக்க அட்டையை மேல்நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதைக் கிழிக்காமல் உரிக்க வேண்டும். அப்புறம் உள்தகட்டில் இருக்கும் ஓட்டை வழியாக முழங்கை வரை கையை விட்டு, வெளித்தகட்டின் உள்புறத்தைத் தின்னரால் துடைத்து, ஒரு பக்கம் பசையும் ஒரு பக்கம் அலுமினியமும் உள்ள கனத்த ஷீட்டை ஒட்டி, கை ரோலரால் அழுத்தி உருட்ட வேண்டும். ஷீட்டில் இருக்கிற புடைப்பு எல்லாம் மட்டமாகும்வரை உருட்ட வேண்டும். பிறகு தட்டினால் தொப்பென்று மரக்கதவு மாதிரி கேட்கும். கேட்பதற்கு லேசாக இருக்கும். ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், தகட்டின் விளிம்பு எப்படி அறுக்கும் என்று.

நான் சீட் கவர் தைக்கப் போனவன். அங்கிருந்து ஸ்பீக்கர் மாட்டும் வேலைக்கு வந்தேன். பெரிய ஸ்பீக்கரைக் கதவில் மாட்டினால் கதவும் சேர்ந்து பாடும். அதன் வாயை அடைக்க ஷீட் ஒட்டப் போனேன், அதோடு அதிலேயே நின்றுவிட்டேன். நல்ல ஷீட் கிடைக்காத அந்த ஆரம்ப காலத்தில் தார் ஷீட்டை வாங்கி ஒட்டினோம். கத்திரி வெயிலில் அது உருகிக் கதவுக்குள் வழிந்து, ஒரு வக்கீலின் வேட்டியில் கறை பிடித்து, அவர் எங்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பயிற்சிக் காலம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி சௌந்தரம் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோபம் வந்தால் மரியாதை கொடுக்கிற மனிதர் அவர். சாதாரண நாளில் "டேய் காதரு, அந்த ரோலர எடுடா" என்பார். வேலையில் குறை கண்டால் "காதர் சார், கொஞ்சம் இப்படி வர்றீங்களா" என்பார். அந்த சாரைக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். வண்டியில் கை வைக்கும் முன் வாட்ச், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும், பெயிண்டில் கீறல் விழக்கூடாது. எங்கள் கூட வேலை பார்த்த பாண்டி, "அண்ணே, இது கல்யாண மோதிரம், கழட்டக் கூடாது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "அந்த வண்டிக்காரரும் வண்டியக் கட்டிக்கிட்டுத்தான்டா அழுகுறாரு, கழட்டு" என்றுவிட்டார்.

பாண்டி வேலையில் மகா சுத்தக்காரன். அந்தச் சுத்தத்தால் ஒரு நாள் வினை வந்தது. கதவின் அடியில் சிறு ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போகும். அதை ஏதோ குறை என்று நினைத்து, அதன் மேலும் ஷீட்டை ஒட்டி, அழகாக ரோலர் போட்டு அடைத்துவிட்டான். ரெண்டு மழை பெய்ததும் வண்டிக்காரர் வந்தார். கதவைத் திறந்து மூடினால் உள்ளே களக் களக் என்றது. "சத்தத்த அடைக்கச் சொன்னா கதவுக்குள்ள கம்மா கட்டிவிட்ருக்கீகளே, மீன் வாங்கி விடட்டுமா?" என்று கேட்டார். சௌந்தரம் அண்ணன் திரும்பி, "பாண்டி சார்" என்றார். பாண்டி முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்திருப்பேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டியிலும் வேலை முடிந்ததும் கண்ணாடியின் மேல் ஒரு மக் தண்ணீரை ஊற்றுவோம். கதவின் அடியில் அது சொட்டிய பிறகுதான் வண்டி வெளியே போகும். அதற்குப் பிறகு வண்டிக்காரரை ஓட்டச் சொல்லி, ஷீட் ஒட்டியவன் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வர வேண்டும். இந்த இரண்டு விதியிலிருந்தும் யாருக்கும் விலக்குக் கிடையாது.

இனி அந்த டீசல் வண்டிக்கு வருகிறேன். கொண்டுவந்தவர் முத்தையா அண்ணன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை, வீடு திருப்பரங்குன்றம். விடிய விடிய விலை கூவிக் கூவித் தொண்டை கட்டிய குரல். வந்ததும் வராததுமாக, "பாய், வண்டிக்குள்ள சத்தமே இருக்கக் கூடாது" என்றார்.

"பாட்டுக் கேக்கவாண்ணே?" என்றேன்.

"பாட்டா? அட போங்க பாய். என் வீட்டுக்காரிகிட்டப் பேசணும்."

பாண்டி சிரித்தே விட்டான். சௌந்தரம் அண்ணன், "வீட்டுல பேசுனா அடிப்பாகளாண்ணே?" என்றார். முத்தையா அண்ணன் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"தனத்துக்குக் காது மந்தம். கத்துனாத்தான் கேக்கும். காது மிஷின் வாங்கிக் குடுத்தேன். வீட்டுல மாட்ட மாட்டேங்குறா. மருமக முன்னாடி, பேரன் முன்னாடி செவிட்டு மிஷினோட உக்கார மாட்டாளாம். மார்க்கெட்டுலயும் மாட்டிக்கிற மாட்டா. வண்டிக்குள்ளன்னா யாரும் பாக்கலன்னு மாட்டுவா. ஆனா இது போடுற சத்தம் அம்புட்டும் மிஷின் வழியா மண்டைக்குள்ள எறங்குதுன்னு, தெரு முக்குத் தாண்டுறதுக்குள்ள கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கிருவா."

"சரிண்ணே, கத்தித்தான் பேசுங்களேன். கண்ணாடிய ஏத்திவிட்டா யாருக்குக் கேக்கப் போகுது?"

"கத்திச் சொல்ற விசயமில்ல பாய்."

அப்புறம்தான் முழுசாகச் சொன்னார். அவர் மகள் செல்வியை, தனம் அக்காவின் தம்பி மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள், செக்கானூரணியில். அந்த மாப்பிள்ளையின் தங்கச்சியைத் தங்கள் மகனுக்கு எடுத்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். இங்கே மருமகள் நன்றாக இருந்தாள். அங்கே செல்வி நன்றாக இல்லை. மாப்பிள்ளை குடித்துவிட்டுக் கை நீட்டுகிறான்.

"புள்ள எனக்குத்தான் போன் போட்டு அழுகுது. அவ அம்மாவுக்குப் போன்ல கேக்காதுல்ல. 'அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா, அம்மா இருன்னா இருக்கேன், வான்னா வாரேன்'ங்குது. நான் எப்படிச் சொல்ல? வீட்டுல கத்துனா மருமக காதுல விழும். நல்ல புள்ளதான், இல்லன்னு சொல்லல. ஆனா கூடப் பிறந்த அண்ணனப் பத்திப் பேசுனா அங்க போன் போடாம இருக்குமா? நான் இங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள அங்க செல்விக்கு அடி விழுந்துரும். அதுவுமில்லாம, அது தனத்தோட தம்பி வீடு. தம்பின்னா அவளுக்கு உசுரு. பக்குவமாச் சொல்லணும். பக்குவமா எப்படி பாய் கத்துறது?"

எழுதிக் காட்டலாமே என்றேன். "அவ எழுத்துக் கூட்டி வாய்விட்டுல்ல படிப்பா. நான் கத்துறதே தேவல" என்றார். வெளியே எங்காவது கூட்டிப் போகலாமே என்றேன். "போனேனே. எங்க ஊரு பொய்கைக் கரையில உக்காந்து பாதி வார்த்த கத்தியிருப்பேன். மீனுக்குப் பொரி போட வந்த பொம்பளைங்க, 'வயசான காலத்துல பொண்டாட்டியப் போட்டு இப்படி வைறியே, நீயெல்லாம் மனுசனா'ன்னு சண்டைக்கு வந்துட்டாளுக." வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசலாமே என்று பாண்டி கேட்டான். "நிப்பாட்டுனா போறவன் வர்றவன் எல்லாம் கண்ணாடியத் தட்டி 'பஞ்சராண்ணே'ங்குறான். என்னைய தெரியாதவன் யாரு இந்த ஊருல?"

சௌந்தரம் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து நான்கு கதவையும் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "காதரு, இது முடியுறவரைக்கும் வேற வண்டியில கை வைக்காத" என்றார்.

கதவின் அட்டையைக் கழற்றினால், உள்ளே ஒரு பூக்கடையே இருந்தது. ஈரச் சாக்கிலிருந்து உதிர்ந்து இறங்கிய மல்லிகை மொட்டுகள் காய்ந்து கறுத்துக் கிடந்தன. வாழைநார்த் துணுக்குகள் போய் அடி ஓட்டைகளை அடைத்திருந்தன. அடித்தகடு துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் வாரி, துருவைத் தேய்த்து, துடைத்து, நான்கு கதவுக்கும் ஷீட் போட்டேன். தரைக்கும் போட்டேன், டீசல் எஞ்சின் சத்தம் கால் வழியாக ஏறும் என்பதால். உள்தகட்டின் பெரிய ஓட்டைகளையும் மூடினேன். இத்தனைக்கும் தகடு முழுக்க ஒட்டவில்லை. அப்படி ஒட்டினால் கதவு கனத்துக் கீல் தொங்கிப் போகும். எங்கே அதிர்கிறதோ அங்கே மட்டும் தட்டிப் பார்த்து ஒட்ட வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ரோலர் பிடித்ததில்லை. தண்ணீர் ஊற்றினோம், சொட்டியது. ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய். முத்தையா அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று வீட்டில் போய் என் மனைவியிடம் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அவளும் அலுத்துப் போனாள்.

மறுநாளே வண்டி திரும்பி வந்தது. முன்சீட்டில் தனம் அக்கா, கையைக் கட்டிக்கொண்டு. இறங்கியதும் தெருவுக்கே கேட்கிற குரலில், "யாருய்யா இத ரிப்பேர் பாத்தது? முன்னாடியே தேவலையே. அப்ப ஒரே இரைச்சலா இருந்துச்சு. இப்ப ஊசிய வச்சுக் காதுல குத்துது" என்றார்.

"காதர் சார்" என்றார் சௌந்தரம் அண்ணன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வேலையில் ஓட்டையா? அதுவும் இந்த வேலையில்? நானே போய் உட்கார்ந்து கோரிப்பாளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். எனக்கு ஒரு குண்டூசிச் சத்தமும் கேட்கவில்லை. வந்து, "ஒண்ணுமில்லண்ணே, அக்காவுக்கு மிஷின்லதான் கோளாறு" என்றேன். அதை அக்கா உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். "கோளாறு ஒங் காதுல" என்றார்.

சௌந்தரம் அண்ணனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. ஷீட் அடக்குவது கும்மென்ற பெரிய சத்தத்தை. அது அடங்கியதும் கீச்சென்ற சின்னச் சத்தங்கள் மேலே வந்துவிட்டன. நம் காது அதை விட்டுவிடும். ஆனால் காது மிஷின் அதையும் எடுத்துப் பெரிதாக்கி உள்ளே அனுப்பும். நாங்கள் எங்கள் காதுக்கு வேலை செய்திருந்தோம். உட்காரப் போவது வேறொருவர் காது.

"அப்ப கண்டுபிடிக்க வேண்டியது அவுகதான். நம்மளால முடியாது" என்றார் அண்ணன். கடையில் கம்பிரசரை நிறுத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். ஷட்டரைப் பாதி இறக்கினார். தனம் அக்காவை முன்சீட்டில் உட்கார வைத்தோம். ஆண்கள் முன்னால் மிஷினை மாட்ட மாட்டேன் என்று முதலில் பிடிவாதம். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக் காதை மூடிக்கொண்டு, உள்ளே கை விட்டு மாட்டிக்கொண்டார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சௌந்தரம் அண்ணனும் பாண்டியும் ஆளுக்கொரு பக்கம் நின்று வண்டியைத் தொட்டில் ஆட்டுவது போல் ஆட்டினார்கள். நான் அட்டையைக் கழற்றி, ஓட்டையை மூடிய ஷீட்டையும் உரித்த கதவுக்குள் கையை விட்டபடி அக்கா பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்தேன்.

"இங்க" என்று தொட்டுக் காட்டினார். "இல்ல, கொஞ்சம் கீழ."

பூட்டிலிருந்து கைப்பிடிக்குப் போகும் மெல்லிய கம்பி. அதன் மேல் ஒரு விரலை வைத்தேன்.

"நின்னுருச்சு."

விரலை எடுத்தேன்.

"வருது."

வைத்தேன். எடுத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்னுருச்சு, வருது, நின்னுருச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அந்தக் கம்பி முழுக்க வெல்வெட் நாடா சுற்றினேன். அடுத்து கண்ணாடி ஏற்றும் வயர் தகட்டில் படும் இடத்தைக் காட்டினார். அடுத்து கிளிப்புகள். ஒவ்வொரு கிளிப்புக்கும் அடியில் வட்டமாகப் பஞ்சுத் துண்டு வெட்டி வைத்தேன். இரண்டாவது கதவுக்குப் போவதற்குள் அக்காவே மேஸ்திரி ஆகிவிட்டார். "ஏப்பா, இன்னும் கொஞ்சம் வேகமா ஆட்டு. சோறு திங்கலயா?" என்று முதலாளியையே விரட்டினார். சௌந்தரம் அண்ணன் வேர்த்து ஒழுக ஆட்டினார். "சரிங்கம்மா" என்றுதான் சொன்னார், அது கோபத்தில் வந்த மரியாதை இல்லை.

நான்காவது கதவு முடிகிற நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். அக்காவின் குரல் இறங்கியிருந்தது. தன் குரல் தனக்கே கேட்டதால் கத்துவதை விட்டுவிட்டார். முத்தையா அண்ணன் சர்பத் வாங்கப் போயிருந்த சமயம், என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஏந் தம்பி, இந்த மனுசன் எதுக்கு ஒரு கதவுக்காக இந்தப் பாடு படுறாரு?"

"உங்ககிட்டப் பேசணுமாம்க்கா."

"பேசட்டும். வாயிலயா பூட்டுப் போட்டிருக்கு?"

நான் குனிந்து திருகை முடுக்கினேன்.

தண்ணீர் ஊற்றி முடித்ததும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். விதிப்படி நான் பின்சீட்டில். நாங்கள் எப்போதும் போகிற வழி, காளவாசல் தாண்டித் தேனி ரோடு. நாகமலைப் புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ரோடு திறந்து கிடக்கும், சத்தம் தெரியும். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவோம். ஊரைத் தாண்டியதும் அக்காவிடம், "எப்படிக்கா இருக்கு?" என்றேன். "இப்பத்தான்ப்பா வண்டி மாதிரி இருக்கு" என்றார். முந்தானைக்குள் மிஷின் இருந்தது. கழற்றவில்லை.

முத்தையா அண்ணன் மெதுவாக, "தனம்" என்றார்.

"ம்."

முன்னால் போன லாரியைத் தாண்டினார். பிறகு, "நாளைக்கு முகூர்த்தம். பூ வெல ஏறும்" என்றார்.

"இதச் சொல்லவா நாலு கதவையும் கழட்டுனீங்க?"

பின்னால் இருந்த எனக்கு உயிரே இல்லை. இந்தப் பேச்சு நடக்கும்போது நான் அங்கே இருக்கக் கூடாது. பழைய வண்டியாக இருந்தால், காதில் விழாதது போல் இருந்துவிடலாம். இதில் அவர் எச்சில் விழுங்குவதுகூட எனக்குக் கேட்டது. "அண்ணே, என்னைய இங்க எறக்கி விடுங்க. ஒரு பஸ் பிடிச்சு நான் போயிக்கிறேன்" என்றேன்.

"இருங்க பாய். ஆளுன்னு ஒருத்தர் இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்றார்.

சொல்லத் தொடங்கினார். மார்க்கெட்டில் கூவிக் கூவித் தேய்ந்த அந்தக் குரலுக்குள் இப்படி ஒரு மெல்லிய குரல் இருந்ததா என்று எனக்கு ஆச்சரியம். செல்வி போனில் சொன்னதை, செல்வி சொன்ன மாதிரியே சொன்னார். எங்கெங்கே அடித்தான் என்பதைச் சொல்லும்போது நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் நாகமலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மலை அது பாட்டுக்குக் கூடவே வந்தது.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "எம்புட்டு நாளா?" என்று கேட்டார்.

"தைப்பொங்கலுக்கு வந்துட்டுப் போச்சுல்ல, அதுக்கு முன்னாடியே."

"தம்பிக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்திருக்கிறார். வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். "தெரியும். 'ஆம்பள அப்படி இப்படித்தான் இருப்பான், பொறுத்துப் போ'ன்னு உன் தம்பியே சொல்லியிருக்காரு" என்றார்.

நாங்கள் திரும்பும் இடம் வந்துவிட்டது. இண்டிகேட்டரைப் போட்டார். அந்த டிக் டிக் சத்தம் மட்டும் வண்டிக்குள் கேட்டது. அக்கா தன் தம்பியைப் பற்றி என்ன நினைத்தாரோ, அந்த நேரம் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

"எதுக்குத் திருப்புறீங்க?" என்றார். "நேராப் போங்க."

"செக்கானூரணிக்கா?"

"பின்ன எங்க?"

"தனம், யோசிச்சுக்க. நாம செல்வியக் கூட்டியாந்தா, அவுக நம்ம மருமகளக் கூப்பிடுவாக."

"கூப்பிடட்டும். அவ என் தம்பி மக. நான் தூக்கி வளத்த புள்ள. அவ புருசன்கூடச் சந்தோசமா இருக்கா. இவன் செஞ்சதுக்கு அவ வாழ்க்கையக் கேட்டு எவன் வர்றான்னு நானும் பாக்குறேன். நீங்க வண்டிய விடுங்க."

இண்டிகேட்டர் நின்றது. என் சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவரும் மடியில் ரோலருமாக நானும் சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டேன். கடையில் சௌந்தரம் அண்ணன் என்னை எங்கே தேடுவார் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் தம்பி நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு திருப்பரங்குன்றம் வந்து மகளைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மருமகப் பெண், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணன் குடிச்சுட்டு அடிச்சதுக்கு நான் ஏம்ப்பா எம் புருசன விட்டுட்டு வரணும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டதாம். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்களாம். அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு விட்டுப் போனது. அந்த வலி அக்காவுக்கு இன்னும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டார். செல்வி இப்போது அப்பாவோடு மார்க்கெட்டில் கடை பார்க்கிறாள். மாலை வாங்கப் போனால் என்னிடம் காசு வாங்க மறுத்துச் சண்டை போடுவாள்.

அன்றைக்கு செக்கானூரணியில் வண்டி நின்றதும், "தம்பி, நீங்க உள்ளயே இருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா இறங்கினார். கதவை மூடினார். வாசலில் அவர் தம்பி வந்து நின்றார். அவர் கைகளை வீசிப் பேசினார். அக்கா ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை, நின்ற இடத்தை விட்டும் அசையவில்லை. என்ன பேசினார்கள் என்று ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. நான் ஒட்டிய ஷீட் அப்படி. பட்டனை அழுத்திக் கண்ணாடியை இறக்கலாம் என்றால், எஞ்சினை நிறுத்திச் சாவியை முத்தையா அண்ணன் கையோடு கொண்டு போயிருந்தார். உள்ளே வெந்துகொண்டு, என் வேலையை நானே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் செல்வி வெளியே வந்தாள். கையில் ஒரு பை. அதுதான் நான் அவளை முதலில் பார்த்தது. கன்னத்தில் பழைய அடி கன்றிப் பச்சை நிறமாகத் தெரிந்தது. பின்கதவைத் திறந்து ஏறி, யாரிது என்பது போல் என்னைப் பார்த்தாள். "நான் கதவு வேலை பாக்க வந்தவம்மா" என்றேன். எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. நான் ஓரமாக ஒண்டிக்கொண்டேன்.

வண்டி கிளம்பியது. செல்வி முன்சீட்டின் முதுகைப் பிடித்து, அம்மா காதருகே வாயைக் கொண்டுபோய், பழகிய மாதிரியே தொண்டை கிழியக் கத்தினாள்.

"அம்மா, அப்பா எப்பம்மா சொன்னாரு?"

அக்கா தோளை ஒடுக்கிக்கொண்டார். "கத்தாத செல்வி. கேக்குது" என்றார். "மெதுவாச் சொல்லு. ஒண்ணொண்ணாச் சொல்லு, நான் கேக்குறேன்."

செல்வி வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. எத்தனையோ வருஷமாக அம்மாவிடம் கத்தியே பேசிப் பழகிய பிள்ளை, மெதுவாகச் சொல்ல அதற்குத் தெரியவில்லை. சீட்டில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வெளியே வராத அழுகை. பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே, இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையைப் பின்னால் நீட்டினார். செல்வி அதைப் பிடித்துக்கொண்டாள்.